பையன் திருந்த வேண்டுமானால், ஆள் நிலைக்க வேண்டும்

"சமூகப் பணி படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். சொந்த ஊரிலே எனக்கு உத்தியோகம் உண்டா?" என்று புதுக்கோட்டை ஜில்லா வாலிபர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? "உண்டு, ஆனால் நிலைக்காது" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலைக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை. புதுக்கோட்டையிலே பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் ஒரு கிராமம். இளம் குற்றவாளிகளைப் பழைய கைதிகளோடு சேர்க்காமல், தொழில் கற்றுக் கொடுத்துத் திருத்தும் முயற்சி 1902-ல் அங்கே தொடங்கியது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்த ஏற்பாடு சென்னை ராஜதானிக்கும் வந்தது.

18 வயது நிரம்பாதவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தனி வழி வகுத்திருக்கிறது. அவர்களை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் மாஜிஸ்திரேட் ஒருவர், சமூக சேவகர்கள் இருவர். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பையனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையை இரண்டு வாரத்துக்குள் நன்னடத்தை அலுவலர் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்குப் போய்த் தாயாரிடம் பேச வேண்டும். வாத்தியாரை விசாரிக்க வேண்டும். பையனின் சகவாசம் எப்படி என்று அறிய வேண்டும். நடந்த குற்றத்தைப் போலீசார் எழுதுவார்கள். பையன் யார் என்பதை இவர்தான் எழுத வேண்டும்.

இவ்வளவு பொறுப்புள்ள துறையில் சம்பளம் என்ன? மிஷன் வத்சல்யா திட்டத்தில் தமிழ்நாட்டு ஜில்லாக்களில் வந்த விளம்பரங்களில், சமூகப் பணியாளருக்கு மாதம் ரூ.18,536, ஊர் ஊராகச் செல்லும் புறத்தொடர்புப் பணியாளருக்கு ரூ.10,592. அதுவும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம். கலியாணம் செய்து குடும்பம் நடத்த நினைப்பவர், வேறு வேலை கிடைத்தவுடன் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. தகப்பனிடம்கூட வாய் திறக்காத பையன், ஒருவரை நம்பிப் பேசத் தொடங்குகிறான். அடுத்த மாதம் அவர் இல்லை. புதிதாக வந்தவரிடம் மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்வானா? விடுதலையாகி ஊருக்குத் திரும்பும்போது அவனை எதிர்கொள்ளப் பழைய கூட்டாளிகள் மட்டும் தவறாமல் காத்திருக்கிறார்கள்!

"சேவைக்குச் சம்பளம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தொண்டின் பெருமை இந்த ஜில்லாவுக்குத் தெரியாததல்ல. அவ்வை இல்லம் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் கிராமம் கிராமமாக எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் இங்கேதான். ஆனால் இயக்கம் சில காலம் நடப்பது. ஒரு பையனை வருஷக்கணக்கில் கவனிப்பது தினசரி வேலை. வயிற்றைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம் செய்ய முடியும்?

சர்க்கார் இந்த வேலைகளை நிரந்தரமாக்க வேண்டும். அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கத்து நிலவரம் அறிந்த உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். விடுதலைக்குப் பிறகும் அதே பணியாளர் பையனைப் பார்த்துவர வகை செய்ய வேண்டும்.

படித்த வாலிபருக்கு உத்தியோகம். தவறிய பையனுக்குத் துணை. ஒரே செலவில் இரண்டு குடும்பங்கள் பிழைக்கும்.