"என்" அல்ல, "எங்கள்"

சபை மக்களுக்கு ஒரு பதிவு. கொஞ்சம் நீளம். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

"எனக்கும் என் ஆண்டவருக்கும் நடுவில் எல்லாம் சரியாக இருக்கிறது. மனுஷரைப் பற்றி எனக்கு என்ன?" இந்தப் பேச்சை இப்போது நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறேன். சாட்சி சொல்லும்போது சொல்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பூப்படத்தோடு போடுகிறார்கள். கேட்கப் பெரிய விசுவாசம் மாதிரி இருக்கும். இது விசுவாசம் இல்லை, தப்பித்துக்கொள்ளும் வழி என்று நான் சொல்கிறேன். இரண்டரை வருடம் நானே அதில் ஒளிந்திருந்தவள்.

33 வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தினேன். ஒருமை, பன்மை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம் "என்" என்று ஆரம்பிக்கவில்லை, "எங்கள்" என்று ஆரம்பிக்கிறது. அப்பம் கேட்பதும் எங்களுக்கு, மன்னிப்புக் கேட்பதும் எங்களுக்கு. "எனக்கு" என்று ஓர் இடத்திலும் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரைத் தள்ளிவிட்டு அந்த ஜெபத்தை எப்படிச் சொல்வது?

மத்தேயு 5ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களை எடுத்துப் பாருங்கள். காணிக்கையோடு பலிபீடம் வரை வந்தவனை ஆண்டவர் திருப்பி அனுப்புகிறார். முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வா என்கிறார். எப்போது? உனக்கு அவன் மேல் குறை இருந்தால் அல்ல, அவனுக்கு உன் மேல் குறை இருந்தால். நாமோ "என் மனதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் காணிக்கைக் கவரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

நம் தென்னிந்திய திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி உண்டானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் பல வருடம் பேசிப் பேசி ஒன்றானார்கள். எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் செய்த ஜெபம்தான் நம் சபையின் முத்திரை வாக்கு. 1950இல் வந்த நற்கருணை ஆராதனை முறையில், ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் பழைய வழக்கத்தையும் சேர்த்தார்கள். அப்பத்தில் கைவைப்பதற்கு முன்னால் மனுஷன் கையைப் பிடி என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? தேர்தல் வந்தால் இரண்டு அணி. பேனர், சாப்பாடு, வேன். தோற்றவர் கோர்ட்டுக்குப் போகிறார், ஜெயித்தவர் மேல்முறையீட்டுக்குப் போகிறார். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதைப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிக் கண்டித்தார். அதே கொரிந்தியரைத்தான், இருக்கிறவன் முந்திச் சாப்பிட, இல்லாதவன் பசியோடு இருக்கும் பந்தி கர்த்தருடைய பந்தி அல்ல என்றும் கண்டித்தார். போன வருஷம் எங்கள் அசனத்தில் பந்திகூட அணிவாரியாக நடந்தது. ஒரே பானைச் சோறுதான். ஆனால் யார் பக்கத்தில் இலை போடக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இனி என் விஷயம்.

டிரெயினிங்கில் எனக்கு ஒரு வருடம் சீனியர் ஒரு அக்கா. 40 வருடத்துக்கும் மேலான பழக்கம். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் கைப்பிடி அரிசிக் கணக்கைப் பல வருடம் அவர்கள்தான் பார்த்தார்கள். கடந்த தேர்தலில் அவர்கள் வீட்டுக்காரர் எதிரணி. அரிசி விற்ற பணத்தில் அக்கா கை வைத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி என் போனுக்கு வந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். தேர்தல் முடிந்தபின் கணக்கைப் பார்த்தார்கள். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அப்போதாவது போனேனா? இல்லை. "கர்த்தரிடம் அறிக்கையிட்டுவிட்டேன், அவர் மன்னித்துவிட்டார்" என்று இருந்துவிட்டேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் அக்கா இருக்கும் பக்கம் திரும்பாமல் நிற்கப் பழகிக்கொண்டேன். அவர்கள் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தபோது "ஜெபிக்கிறேன்" என்று கைகூப்பும் படம் அனுப்பினேன். ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

போன மாதம்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டார்கள். "காப்பி குடிக்கியா?" என்றார்கள். நான் அழுதேன். அக்கா அழவில்லை. "என்கிட்ட மட்டும் சொல்லி என்னத்துக்கு? மூணு குரூப்புல போட்டியே, அங்க சொல்லு" என்றார்கள்.

நியாயம்தானே? சொன்னேன். ஒரு குரூப்பில் என்னை நீக்கிவிட்டார்கள். ஒரு குரூப்பில் "இப்போது எதற்கு டீச்சர் இதெல்லாம்" என்றார்கள். மூன்றாவதில் யாரும் பதில் போடவில்லை. ஆனால் அந்தச் செய்தி அதற்குள் எத்தனை போனுக்குப் போயிருக்கும்? அதனால்தான் இங்கேயும் எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். அந்தச் செய்தி பொய். அதைப் பரப்பினவள் நான்.

"அப்படியானால் சபையில் தப்பு நடந்தால் கேட்கக்கூடாதா?" என்பீர்கள். கேளுங்கள். அந்தியோகியாவில் பேதுரு செய்தது தப்பு என்று கண்டபோது பவுல் அவரை எதிர்த்தார். ஆனால் முகமுகமாய் எதிர்த்தார், முதுகுக்குப் பின்னால் அல்ல. கணக்குக் கேட்பது பாவமில்லை. கேட்கவேண்டியவரிடம் கேட்காமல் ஊருக்கெல்லாம் சொல்வதுதான் பாவம்.

"நான் போனாலும் அவர்கள் மன்னிக்காவிட்டால்?" என்றும் கேட்பீர்கள். அக்கா என்னை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. "நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இனி உன் பொறுப்பு" என்று சொல்வதும் பெருமைதான். தாழ்மை என்றால் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கும்வரை வெளியில் நிற்பது. சீஷர்களின் காலைக் கழுவின ஆண்டவர், காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும் கழுவினார். நாம் நம்மால் காயப்பட்டவர் வீட்டுப் படியேறக் கௌரவம் பார்க்கிறோம்.

வருகிற முதல் ஞாயிறு நற்கருணை. காணிக்கைக் கவரில் தொகை எழுதுமுன் யாருக்கு உங்கள் மேல் குறை இருக்கிறது என்று யோசியுங்கள். சனிக்கிழமை மாலை வரை நேரம் இருக்கிறது. இந்தப் பதிவுக்கு "ஆமென்" போடவேண்டாம், ஷேர் செய்யவும் வேண்டாம். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

நான் அன்றைக்கு அக்கா பக்கம் திரும்பிக் கையை நீட்டுவேன். பிடிப்பார்களா தெரியாது. நீட்டுவேன்.