'கொழுகொழு' குட்டியும் லூஸ் ஜாயின்ட்டும்!

ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் தெருவுக்கு ஒரு லாப்ரடாராவது வாலாட்டுது. "சிங்கக்குட்டி மாதிரி இருக்கான்ல?"னு ஓனருக்குப் பெருமை தாங்கலை. பாஸ், அந்த சிங்கக்குட்டியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து வெச்சு முயல் மாதிரி தாவுதா? உட்கார்ந்தா எழுந்திருக்க யோசிக்குதா? மாடிப்படியைப் பார்த்தா பம்முதா? சோம்பேறினு திட்டாதீங்க. அது வலியா இருக்கலாம்!

மேட்டரோட பேரு 'ஹிப் டிஸ்பிளேசியா'. மெக்கானிக்கல் மக்களுக்கு ஈஸியா புரியும். இடுப்பு மூட்டு ஒரு பால் அண்ட் சாக்கெட் ஜாயின்ட். தொடை எலும்போட உருண்டை, இடுப்பெலும்புக் கிண்ணத்துல கச்சிதமா உட்காரணும். சுத்தியிருக்கிற தசைநார் தளர்வா இருந்தா, நடக்க நடக்க உருண்டை நழுவும். கிளியரன்ஸ் அதிகமான பேரிங் என்ன ஆகும்? தேயும். இங்கேயும் அதே கதைதான். கிண்ணம் ஆழமில்லாம வளரும், குருத்தெலும்பு தேயும், கடைசியில ஆர்த்ரைட்டிஸ். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர்னு பெரிய ஜாதி நாய்கள்லதான் இது ஜாஸ்தி.

பிறக்கும்போது குட்டியோட இடுப்பு நார்மலாதான் இருக்கும். அப்புறம்தான் ஜீன் ஒரு பக்கமும் வளர்ப்பு ஒரு பக்கமும் வேலையைக் காட்டும். இங்கதான் நம்ம பாசமே வில்லன்! அமெரிக்காவுல 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மட்டும் 25 சதவிகிதம் கம்மியா சாப்பாடு போட்டு, ஆயுசு முழுக்க கவனிச்சாங்க. 2002-ல முடிவு வந்துச்சு. கம்மியா சாப்பிட்ட நாய்கள் கிட்டத்தட்ட 2 வருஷம் அதிகமா வாழ்ந்துச்சு. இடுப்புத் தேய்மானமும் கம்மி.

ஸோ, குட்டியைத் தடவினா விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும். டாக்டர் சொல்லாம கால்சியம் டானிக் ஊத்தாதீங்க. பெரிய ஜாதிக் குட்டிக்கு அது ஓவரானாலும் எலும்புக்கு ஆபத்து.

அடுத்தது, தரை. 3 மாசத்துக்குள்ள மாடிப்படி ஏறி இறங்குற குட்டிகளுக்கு ரிஸ்க் அதிகம், மெத்துனு தரையில ஓடியாடுற குட்டிகளுக்குக் கம்மினு 2012-ல ஒரு நார்வே ஆய்வு சொல்லுச்சு. நம்ம பக்கத்து வீடுகளோ வழுக்குற டைல்ஸ், செங்குத்தான படிக்கட்டு. குட்டியைத் தூக்கிட்டுப் போங்க, தரையில மேட் போடுங்க. கடல் பக்கத்துலயே இருக்கேனு குஷியாகாதீங்க. திருவொற்றியூர் பக்கம் கடலரிப்புக்குக் கொட்டுன பாறாங்கல்லுதான் வரிசை கட்டி நிக்குது. மணலோ மண்ணோ இருக்கிற இடமா பார்த்து விளையாட விடுங்க.

இன்னும் குட்டி வாங்கலையா? சூப்பர்! 'கலர் என்ன, ரேட் என்ன'னு கேக்குறதுக்கு முன்னாடி, அப்பா-அம்மா நாயோட இடுப்பு எக்ஸ்-ரே இருக்கானு கேளுங்க. 2 வயசுக்கு மேல எடுத்ததா இருந்தா நல்லது. இன்னொண்ணு, 2017-ல வந்த மத்திய அரசு விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது.

ஏற்கெனவே நொண்டுதா? 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, வேப்பேரியிலதான் இருக்கு. ராயபுரத்துல இருந்து ரொம்ப தூரமில்லை. வெயிட் குறைக்கிறதுல ஆரம்பிச்சு ஆபரேஷன் வரைக்கும் இதுக்கு வழி இருக்கு. 'இனி இது தேறாது'னு ராத்திரியோட ராத்திரியா தெருவுல இறக்கி விடுறது வழியே இல்லை. பட்டினியில தவிக்கிற மாதிரி கைவிடுறது 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

குட்டி கொழுகொழுனு இருந்தாதான் அழகுனு எவன் சொன்னது? 10 வயசுலயும், நீங்க ஷேர் ஆட்டோவுல வந்து இறங்குற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி வருமே... அதுதான் மச்சி அழகு!