மெல்லிய பட்டையும் சுழலும் அலகும்

படச்சட்டத்திற்கும் சன்னற் கண்ணாடிக்கும் வேண்டும் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டைகளை இக்காலத் தச்சர் ரூட்டர் மேசையில் ஓட்டி விளிம்பில் உருச்செய்கின்றனர். அவ்வேலையில் பட்டை நடுங்கி அலையலையாய் வெட்டுண்பதும், சிலும்பெழுந்து பிளப்பதும், கடைசியிற் குழிபடுவதும், சிலபோது கையைவிட்டுப் பாய்வதும் உண்டு. காரணம் வினவின், "பையனுக்குக் கை நிலையில்லை" என்பர் மேஸ்திரியார். அலகு மழுங்கிற்று என்பர் வேறு சிலர். இவற்றை நாம் முற்றும் மறுப்பதில்லை. ஆயினும் பெரும்பிழை வேலையின் முறைவைப்பிலேயே உள்ளதென்பது நம் கருத்து. தமிழ் பயில்வார்க்குத் தச்சுப்பட்டறையில் என்ன வழக்கென்று நண்பர் நகைக்கலாம். சொற்கள் மாறாதிருப்பவும் வைப்புமுறை மாறப் பொருள் மாறுதலை நாள்தோறும் காண்பவர் நாமன்றோ!

மேசைக்கடியில் தலைகீழாய்ப் பூட்டப்பெற்ற ரூட்டரின் அலகு, மேலிருந்து நோக்குவார்க்குக் கடிகார முள்ளின் எதிர்த்திசையிற் சுழலும். நிமிடத்திற்கு 22,000 சுற்று ஓடும் அலகுக்கு இரு வாய்கள் இருப்பின், மரத்தின்மேல் விழும் வெட்டுக்கள் நிமிடத்திற்கு 44,000. அகன்ற பலகை தன் கனத்தால் அவ்வடிகளைத் தாங்கிக்கொள்ளும். கால் அங்குலப் பட்டையோ வளைந்து விலகும். விலகியது மீண்டு அலகில் மோதும். நடுக்கமும் அலைத்தழும்பும் இவ்வாறே பிறக்கின்றன. அஞ்சித் தயங்கி ஓரிடத்தில் நிறுத்தினால் உராய்வால் மரம் கருகும். வலமிருந்து இடமாகத் தள்ளவேண்டியதை மாற்றித் தள்ளினாலோ, அலகே பட்டையைக் கவர்ந்து இழுத்தெறியும்; பின்சென்ற விரல் எங்கே சென்று நிற்குமென்பதை விரித்தல் வேண்டா.

ஆதலின் மெலிதாய் அறுத்தபின் உருச்செய்தலை விடுத்து, உருச்செய்தபின் அறுத்தலே தகும். நான்கைந்து அங்குல அகலமுள்ள பலகையின் விளிம்பில் முதலில் உருவை வெட்டி, அவ்விளிம்பை மட்டும் வட்டவாளால் அறுத்தெடுக்கலாம்; புதிய விளிம்பை இழைத்து நேராக்கி மீண்டும் அவ்வாறே செய்யலாம். கைக்கும் அலகுக்கும் இடையே பலகையின் அகலம் காவலாய் நிற்கும். கடைசியில் எஞ்சும் குறுந்துண்டை ஆசையால் ஓட்டுதல் ஆகாது. மரம் வீணாகுமே என்பார்க்கு, வாள்வாயிற் பொடியாவது இருமுறையிலும் ஏறக்குறைய ஒன்றே என்போம். அந்தக் கடைசித் துண்டோ, பிளந்தெறியப்படும் தேக்குப்பட்டைகளை நோக்கச் சிறிதே.

முன்னரே அறுத்த ரீப்பரைத்தான் ஓட்டவேண்டுமெனின், இருபுறமும் ஒட்டும் நாடாவால் அதனை அகன்ற பலகையின் ஓரத்தில் ஒட்டி இரண்டையும் ஒன்றாகத் தள்ளலாம். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் வெட்டாது இரண்டு மூன்று ஓட்டமாக வெட்டுதல் நன்று. அணைப்பலகையின் வாய் அலகைவிட மிக அகன்றிருப்பின், பட்டையின் முனை அதனுட் புகுந்து சிதையும். அவ்வாயைக் குறுக்குதல் வேண்டும்.

கடைசியில் விழும் குழியைப் பற்றி ஒரு சொல். விளிம்பு முழுதும் வெட்டுண்ணும் உருவாயின், வெட்டின் ஆழத்தளவு இடப்புற அணைப்பலகையை முன்தள்ளி வைத்தல் வேண்டும். இன்றேல் வலப்புற அணைப்பை நீங்கிய நொடியிற் பட்டையின் வால் உட்சாய்ந்து குழிபடும். அதனைப் பூட்டியவர் மேஸ்திரியார், ஏசப்படுபவன் பையன். பட்டை பிளந்த நாளிற் கூலியைக் குறைக்கும் பட்டறைத் தலைவர், அன்று காலை அப்பலகையை முதலில் மெலிதாய் அறுக்கச் சொன்னவர் யாரென்று ஒருமுறை கேட்டுப்பார்ப்பாராக.