பாசி சொன்ன சாட்சி

பெரியகுளத்துக்கு அருகே உள்ள கும்பக்கரை அருவிக்கு ஒரு தடவையாவது போகாத குடும்பம் தேனிச் சீமையில் அநேகமாய் இராது. ஆசை தீர நீராடிவிட்டு, கட்டுச்சாத மூட்டையை அவிழ்த்துக் கொண்டு உட்காருகிறோம். ஆனால் காலடிப் பாறையை உற்றுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? "ஜாக்கிரதை, பாசி வழுக்கும்!" என்று குழந்தைகளை எச்சரிப்பதோடு பாசிக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்து போகிறது.

பாசி என்ற பெயருக்குள் பல ஜாதிகள் அடக்கம். குட்டை நீரில் மிதக்கும் பச்சை வழுவழுப்பு ஒன்று. மசாலாவில் சேர்க்கும் கல்பாசி வேறு. அது காளானும் நுண்பாசியும் கூடி நடத்தும் குடித்தனம். இங்கே நாம் சொல்ல வந்தது, ஈரப் பாறையிலும் மரப்பட்டையிலும் பச்சை வெல்வெட்டு விரித்தாற்போல் வளரும் பாசியை. அதன் நெருங்கிய உறவான ஈரல் பாசி, ஈரலின் மடல்களைப் போலத் தட்டையாய்த் தரையோடு ஒட்டிக் கிடக்கும்.

இவற்றுக்கு மெய்யான வேர் கிடையாது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கு அதன் மெழுகுப் பூச்சு ஒரு காரணம். பாசியின் இலைக்கோ அத்தகைய கவசம் இல்லையென்றே சொல்லலாம். பெரும்பாலும் ஒரே அடுக்கு உயிரணுக்களால் ஆனது. மழை, பனி, தூசி எது கொண்டு வந்தாலும் உடம்பெல்லாம் வாங்கிக் கொள்ளும். ஈயமும் காட்மியமும் பாதரசமும் அப்படியே அதில் தங்கிவிடும். ஓடை நீரை இன்று மொண்டு சோதித்தால் இன்றைய சேதிதான் தெரியும். அந்த நீரில் வாழும் பாசியோ பல மாதத்துக் கணக்கை வைத்திருக்கும். 1960-களின் பிற்பகுதியில் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் காற்றிலிருந்து படியும் உலோகங்களைப் பாசியைக் கொண்டு அளக்கத் தொடங்கினார்கள். 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் பல, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் கணக்கை எடுத்து வருகின்றன.

நமக்கு இந்தப் பாடம் கும்பக்கரைக்கு மேலேயே இருக்கிறது. அருவிக்கு நீர் தரும் பாம்பாறு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குகிறது. அங்கே, பாம்பாற்றுச் சோலையை ஒட்டிய மேட்டில், அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் நிறுவப்பட்டது. வெப்பமானியின் உயிர் பாதரசம். அது சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கிடங்கில் அகப்பட, ஊரார் கிளர்ச்சி செய்ய, 2001-ல் ஆலை மூடப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்தார் கொடைக்கானல் பாசியையும் கல்பாசி இனத்தையும் சோதித்து, வேறு மலை நகரங்களில் உள்ளவற்றைக் காட்டிலும் அவற்றில் பாதரசம் மிக அதிகம் என்று 2003-ல் வெளியிட்டார்கள்.

இதில் வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் பழனி மலைப் பாசிகளை அரும்பாடுபட்டுத் தேடித் தொகுத்து, 1961-லேயே அச்சில் வெளியிட்டுவிட்டார். சாட்சிகளின் பெயர்ப் பட்டியல் எப்போதோ தயார். அவற்றின் வாக்குமூலமோ, ஆலை மூடி இரண்டு வருஷம் சென்ற பிறகுதான் அச்சேறியது!

பச்சைப் பாசி இருக்குமிடத்து நீரையெல்லாம் பருகலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நோய்க் கிருமிகளைப் பற்றிப் பாசி நமக்கு உறுதி கூறாது. அதன் கணக்குப் புஸ்தகம் வேறு. ஆயினும் சுருளி, கும்பக்கரை, முல்லைப் பெரியாற்றுக் கரை ஆகிய இடங்களில் பள்ளத்தாக்கின் கல்லூரிகள் வருஷந்தோறும் ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் ஒரு சிட்டிகைப் பாசி எடுத்துச் சோதித்து வைத்தால், விபரீதம் முற்றுமுன் சேதி கிடைக்கும். செலவு அதிகமில்லை, சிரத்தைதான் வேண்டும். நாமும் அருவியில் சோப்பையும் ஷாம்புவையும் கரைக்காமல் குளிக்கப் பழகலாம்.

அடுத்த முறை குழந்தையிடம் "பாசி வழுக்கும்" என்று சொல்லும்போது, "அது நமக்காகக் கணக்கு எழுதுகிறது, மிதிக்காதே" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.