தனியார் பொழுதுபோக்கு மண்கரைத் தேக்கங்களைப் பதிவு செய்து, பருவமழைக்கு முன் பாதுகாப்பு ஆய்வு நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.

நகல்:
வருவாய்க் கோட்டாட்சியர், மேலூர்;
செயற்பொறியாளர், நீர்வளத் துறை, பெரியாறு வைகை வடிநிலக் கோட்டம், மதுரை;
வட்டார வளர்ச்சி அலுவலர்கள், மேலூர் மற்றும் கொட்டாம்பட்டி ஒன்றியங்கள்.

பொருள்: மேலூர் வட்டத்தில் ஓடைகளின் குறுக்கே படகு விடவும் மீன் பிடிக்கவும் தனியார் போட்டுள்ள மண்கரைகள் – பதிவு, கலுங்கு, மடை, ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டுதோறும் செப்டம்பர் வந்தால், பெரியாறு பிரதான கால்வாயின் 85,563 ஏக்கர் ஒருபோக ஆயக்கட்டுக்குத் தண்ணீர் திறக்கக் கோரி உங்கள் அலுவலகப் படியேறுகிறவர்கள் நாங்கள். இந்த முறை, எங்கள் தலைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரைப் பற்றி மனு கொடுக்க வந்திருக்கிறோம்.

அழகர்மலை, பெருமாள்மலைச் சரிவுகளில் விழும் மழை ஓடைகளாக இறங்கி, ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போவது இந்த ஊர்களின் அமைப்பு. அந்த ஓடைகளின் தலைப்பில் நிலம் வாங்கியவர்களில் சிலர் பண்ணை வீடும் விருந்தினர் விடுதியும் கட்டி, முன்னால் ஒரு நீர்ப்பரப்பு இருந்தால் அழகாக இருக்கும் என்று ஓடையை மறித்துக் கரை போட்டிருக்கிறார்கள். நிலம் பட்டாவாக இருக்கலாம். புலப்பட நகலை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஓடைப் புறம்போக்கு ஓடுகிறது.

அப்படிப்பட்ட ஒரு கரையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறோம். உரிமையாளரைப் பொதுவில் கைகாட்டுவது எங்கள் நோக்கமல்ல என்பதால் சர்வே எண்ணை இணைப்பில் மட்டும் தந்துள்ளோம். மண்ணை அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிக் கெட்டித்தால்தான் அது கரை. இங்கே ஜேசிபி அள்ளிக் கொட்டிய மண் அப்படியே குவிந்து கிடக்கிறது. அதன் மேல் வரிசையாகத் தென்னை. உட்புறம் அலைகல் பதிக்கவில்லை. கலுங்கும் கிடையாது, திறந்துவிட மடையும் கிடையாது. மிகைநீர் வெளியேற இருப்பது ஆறு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றுதான். வளர்க்கிற மீன் போய்விடக் கூடாதென்று அதன் வாயிலும் வலை கட்டியிருக்கிறார்கள். வலை நிறையச் சருகும் காகித டம்ளரும். வெளிச்சரிவின் அடியில் சித்திரை மாதத்திலும் கோரை பச்சையாக நிற்கிறது. அங்கே கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிறது.

எங்கள் ஊர் நீர்பாய்ச்சிகளில் யாரை அழைத்துப் போய்க் காட்டினாலும் அவர் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பார்: கசிவு தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா? தெளிவாக வந்தால் கண்காணித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று பொருள். பார்க்க ஆள் வேண்டுமல்லவா? வார இறுதியில் மட்டும் திறக்கிற விடுதியில், நள்ளிரவு மழையில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றிவர யார் இருக்கிறார்கள்?

இந்தத் தேக்கத்தின் இரண்டு ஏக்கர் பரப்பில் சராசரி பத்து அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 2.4 கோடி லிட்டர், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் இரண்டாயிரம். வரத்துக்கும் ஒரு கணக்குப் போட்டோம். நூறு ஏக்கர் சரிவில் 5 செ.மீ. மழை பெய்து அதில் பாதி மட்டும் ஓடி வந்தாலும் ஒரு கோடி லிட்டர். ஆறு அங்குலக் குழாய் முழு வேகத்தில் ஓடினாலும் அதை வெளியேற்ற இரண்டு நாள் ஆகும், அதுவும் வலையில் சருகு அடைக்காமல் இருந்தால். மீதித் தண்ணீர் கரையின் தலைக்கு மேல்தான் வழிய வேண்டும். மண்கரை அதைத் தாங்காது.

இந்தக் கரை உடைந்தால் நேர்கீழே ஒன்றியக் கண்மாய். அது தாங்காமல் போனால் அடுத்தது நீர்வளத் துறைக் கண்மாய். இரண்டுக்கும் இடையில் குடியிருப்பும், பள்ளிக்கூடமும், நடவு முடிந்த நஞ்சையும் இருக்கின்றன.

நாங்கள் மிகைப்படுத்துகிறோம் என்று தோன்றினால், உலகத்துக்கே தெரிந்த ஒரு வழக்கைச் சுட்டிக்காட்டுகிறோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான்ஸ்டவுன் நகருக்கு மேலே, மீன்பிடி, வேட்டைக் கிளப் ஒன்று பழைய மண் அணையை விலைக்கு வாங்கிச் செல்வந்தர்களின் கோடை ஏரியாக்கியது. அடிமட்ட வெளியேற்றுக் குழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கி விற்றிருந்தார். கிளப் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டி போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்க மிகைநீர்ப் போக்கில் வலைத்தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அணை உடைந்து 2,209 பேர் மாண்டார்கள். எந்த நீதிமன்றமும் கிளப்பைப் பொறுப்பாக்கவில்லை. நாங்கள் மேலே சொன்ன கரையிலும் இவற்றில் இரண்டு குறைகள் இருக்கின்றன: திறந்துவிட மதகு இல்லை, போக்கில் வலை இருக்கிறது.

நம் நாட்டில் 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை உடைந்து சுமார் இருபது பேர் இறந்தனர். அது அரசு அணை. கசிகிறது என்று ஊரார் முன்னரே முறையிட்டிருந்தார்கள். நண்டுகள் வளை தோண்டியதால் உடைந்தது என்று ஓர் அமைச்சர் சொன்னது அப்போது நகைப்புக்கு உள்ளானது. கரையில் நண்டு வளையும் எலி வளையும் ஆபத்துதான், அதை நாங்களும் அறிவோம். அந்த வளையை அடைக்க வேண்டியவர் யார் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் கேள்வி.

தனியார் கரைகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை கிடைக்கவில்லை. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற வரையறைகளில் ஏதேனும் ஒன்றில் அடங்குபவற்றுக்கும் மட்டுமே பொருந்தும். தனியார் உரிமையாளரை அந்தச் சட்டம் விட்டுவைக்கவில்லை, கரையின் குறைந்த உயரம்தான் அவரைக் காப்பாற்றுகிறது. நாங்கள் சொல்லும் தேக்கம் அந்தக் கொள்ளளவில் நாற்பதில் ஒரு பங்கு. 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அரசின் நீர்நிலைகளைக் காக்க வந்தது, தனியார் போட்ட கரை பலமானதா என்று அது கேட்பதில்லை. எங்கள் கண்மாய் ஒவ்வொன்றுக்கும் கரை நீளம், கலுங்கு நீளம், முழு நீர்மட்டம் எல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கின்றன. இந்தக் கரைகளுக்குக் கோப்பே இல்லை. கரையின் உயரத்தை மட்டும் அளந்து ஆபத்தை முடிவு செய்ய முடியாது என்பதும், அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் அடிப்படை வாதம்.

ஆனாலும் நடவடிக்கைக்கு வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கக்காடம்பொயில் அருகே பொழுதுபோக்குக்காக ஓடையில் கட்டிய தனியார் தடுப்பணையிலிருந்து தண்ணீரை வெளியேற்ற 2018-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றாலம் பகுதியில் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள் மீது 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கடுமை காட்டியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152-இன்படி பொதுமக்களுக்கு ஆபத்தான அமைப்பை அகற்றவோ சீர்செய்யவோ நிபந்தனை உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. ஓடைப் புறம்போக்கில் கரை இருந்தால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவரும் தாங்களே.

ஆகவே நாங்கள் கோருவது:

முதலில் கணக்கெடுப்பு. கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகிய மூவரும் சேர்ந்து ஓடைதோறும் நடந்து, மண்கரைத் தேக்கங்கள் அனைத்தையும் உரிமையாளர் பெயர், உயரம், கொள்ளளவு, கீழே உள்ள குடியிருப்பு ஆகிய விவரங்களோடு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து முடித்துவிட வேண்டாம். சீமைக்கருவேலம் மூடிய கரை அதில் தெரியாது.

இரண்டாவது, கீழே வீடுகள் உள்ள ஒவ்வொரு கரைக்கும், வெள்ள வரத்துக்கு ஏற்ற கல் அல்லது கான்கிரீட் கலுங்கும் திறந்து மூடும் மடையும் உரிமையாளர் செலவில் கட்டப்பட வேண்டும். அதுவரை நீர்மட்டத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி வைக்க உத்தரவிட வேண்டும். கரையை ஒரேயடியாக வெட்டிவிடுவதை நாங்களே எதிர்க்கிறோம், அந்த வெள்ளமும் எங்கள் வயலுக்குத்தான் வரும். தண்ணீரைச் சிறுகச் சிறுக, கீழ்க்கண்மாய் ஆயக்கட்டுதாரருக்குச் சொல்லிவிட்டு இறக்க வேண்டும்.

போக்குகளில் கட்டிய வலைகளை இந்த வாரமே அகற்றலாம். இதற்கு அரசாணை தேவையில்லை, ஓர் ஆள் ஒரு நாள் வேலை.

கசிவு, பிளவு, சரிவு கண்ட கரைகளில் மழைக்காலம் முழுதும் உரிமையாளர் இரவுக் காவலர் வைத்து, அந்தக் காவலரின் கைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். உடைந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

எங்கள் வட்டத்தில் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக் குழிகளில் தேங்கியுள்ள நீரும் ஓரங்களில் மலைபோல் குவிந்த கழிவுக் கற்களும் தனி மனுவுக்குரியவை. எனினும், குழி விளிம்பு ஓடையை ஒட்டியிருக்கும் இடங்களை இதே ஆய்வில் சேர்த்துப் பார்த்தால் அலைச்சல் மிச்சம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்ததும், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்ததும் தாங்கள் அறிந்ததே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். எனவே செப்டம்பர் முடிவதற்குள் கூட்டாய்வை முடித்து, அதன் அறிக்கையை அம்மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாக வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு ஓடை வழி காட்ட ஊருக்கு இருவரை அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

இடம்: மேலூர்

இணைப்பு: புலப்பட நகல், சர்வே எண் விவரம், கரையின் புகைப்படங்கள், ஆயக்கட்டுதாரர் கையொப்பங்கள்.