வெளிர் நீலச் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி தெரியுதா? தப்பு பெயிண்டில் இல்லை!

போனில் ஒரு போட்டோ. வெளிர் நீலச் சுவர், வெள்ளைத் திரைச்சீலை, ஓரமாக ஒரு மர நாற்காலி. பார்த்ததும் மனசு லேசாகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து பெயிண்டருக்கு அனுப்புகிறோம். ஷேட் கார்டில் அதற்கு நெருக்கமான ஒன்றைத் தொட்டு, “இதுதாண்ணே” என்கிறோம். இரண்டு கோட் அடித்து, காய்ந்து, ராத்திரி லைட்டைப் போட்டால்... “என்னடா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு!”

உடனே பழி பெயிண்டர் மேல் விழும். அப்புறம் கடைக்காரர் மேல். கடைசியில் நீலத்தின் மேல். “பேசாம ஐவரியே அடிச்சிருக்கலாம்” என்று வீட்டில் ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். என் கருத்து வேறு. பல வீடுகளில் குற்றவாளி சுவரில் இல்லை, சீலிங்கில் மாட்டியிருக்கிறது.

நீலம் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பது நம் ஊர் வழக்கம். வேட்டிக்கு சொட்டு நீலம் போடும் அதே லாஜிக்தான். லேசாக மஞ்சளடித்த வெள்ளையில் துளி நீலம் சேர்ந்தால், கண்ணுக்கு அது இன்னும் வெள்ளையாகத் தெரியும். கை கொஞ்சம் தாராளமாகப் போன வீடுகளில் சுவரே வெளிர் நீலமாகிவிடும். ‘செரினிட்டி’ என்ற வெளிர் நீலத்தை 2016-ன் நிறங்களில் ஒன்றாக பான்டோன் நிறுவனம் அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாடியே நம்ம தாத்தா பாட்டி அதில் குடியிருந்தாச்சு.

ஒரே ஒரு வித்தியாசம். அந்தச் சுவர்கள் பகலில் முற்றத்து வெளிச்சத்தையும், ராத்திரியில் மஞ்சள் குண்டு பல்பையும் பார்த்தவை. இப்போது நம் சுவர் பார்ப்பது வேறு வெளிச்சம்.

பல்புக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?

சுவருக்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, அதைத்தான் நாம் நிறமாகப் பார்க்கிறோம். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறும்.

எல்.இ.டி. பல்பு அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘கூல் டேலைட்’ என்றால் பெரும்பாலும் 6,500 கெல்வின். இதில் நீலச் சாயல் அதிகம். நம் வீடுகளில் பரவலாக எரிவது இதுதான். ஏற்கெனவே நீலமான சுவர் மேல் இது விழுந்தால் அறை விறைத்துப்போகும், ஆஸ்பத்திரி எஃபெக்ட் வரும். ‘வார்ம் ஒயிட்’ 2,700 முதல் 3,000 கெல்வின். இதில் மஞ்சள் அதிகம். சுவர் மென்மையாகும், ஆனால் சில நீலங்கள் லேசாகப் பச்சை கலந்த சாம்பல் பக்கம் சாயும். நடுவில் 4,000 கெல்வின் ‘நேச்சுரல் ஒயிட்’ இருக்கிறது. வெளிர் நீல அறைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஜன்னலும் முக்கியம். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் வருடத்தின் பெரும்பகுதி நேரடி வெயில் விழாது. அங்கே வெளிர் நீலம் இன்னும் சோகையாகத் தெரியும். மேற்கு ஜன்னல் அறையிலோ சாயங்கால மஞ்சள் வெயில் பட்டதும் அதே நிறம் அழகாக இளகும். டக்ட் பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த அபார்ட்மென்ட் பெட்ரூமில் பகலிலும் பல்புதான் ராஜா. அங்கே முதலில் பல்பு, அப்புறம்தான் பெயிண்ட்.

ஷேட் கார்டு ஏன் ஏமாற்றுகிறது?

தீப்பெட்டி அளவு சதுரத்தில் மென்மையாகத் தெரியும் நீலம், நான்கு சுவரிலும் வந்தால் அழுத்தமாகிவிடும். ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவதும் ஒரு காரணம். அதனால் பிடித்த ஷேடைவிட ஒரு படி வெளிறியதை எடுப்பது பாதுகாப்பு.

தரையும் பேசும். க்ரீம் நிற டைல்ஸ் பக்கத்தில் நீலம் இன்னும் நீலமாகத் தெரியும். தேக்குக் கதவு, பிரம்பு நாற்காலி, சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால் கவலையே வேண்டாம். அந்தச் சூடான நிறங்கள் நீலத்தின் குளிர்ச்சியைச் சமன் செய்துவிடும்.

நீலம் அடித்தால் வீடு குளுகுளுவென இருக்குமா?

கண்ணுக்கு இருக்கும், தெர்மாமீட்டருக்கு இருக்காது. மேல்மாடி வீட்டில் சூடு இறங்குவது கான்கிரீட் கூரை வழியாக. அது உள்ளே வந்த பிறகு உட்சுவரின் நிறம் என்ன செய்யும்? சூடுதான் பிரச்னை என்றால், அந்தக் காசை மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சுக்குச் செலவழியுங்கள்.

அப்போ என்ன செய்யலாம்?

இரண்டடிக்கு இரண்டடி சுவரில் இரண்டு கோட் அடித்துப் பாருங்கள். வாடகை வீட்டில் ஓனர் முறைப்பார் என்றால், ஒரு சார்ட் அட்டையில் அடித்து சுவரில் ஒட்டுங்கள். காலை, மதியம், ராத்திரி என மூன்று நேரமும் பாருங்கள். ராத்திரி பிடிக்கவில்லையா? நிறத்தை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள். கடையில் மெஷினில் கலந்து வாங்கிய பெயிண்டை பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயிண்டர் கூலியும் திரும்பி வராது. பல்பு அப்படியில்லை, பக்கத்து ரூமுக்காவது ஆகும்.

நாள் முழுக்க வேலைக்கு ஓடிவிட்டு நம்மில் பலர் வீட்டைப் பார்ப்பதே ராத்திரியில்தான். அந்த வெளிச்சத்தில் நல்லா இருக்கிற நீலம்தான் நம் வீட்டு நீலம். போட்டோவில் இருப்பது வேறு யாருடைய வீட்டு மதிய வெயிலோ!