பெயிண்ட் பளபளக்குது, கேஸ்கெட் புகையுது!

அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் உண்மையைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு முகூர்த்த நாளில் வந்து நின்றால், மாப்பிள்ளையை விட்டுவிட்டு வண்டியைத்தான் பார்ப்பார்கள். பெயிண்ட் பளபளக்கும், பம்பர் மின்னும். பானட்டுக்கு அடியில் மட்டும் டப்.. டப்.. டப்..

கேட்டால், "பழைய வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்பார் ஓனர். சுத்தப் பொய். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் எரிந்து புகை கசிகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? பழைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. இது நிறமோ மணமோ இல்லாத விஷவாயு. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்காற்றில் 1 சதவீதம் இருந்தாலே சில நிமிடங்களில் ஆளை முடித்துவிடும். கசிகிற ஜாயின்ட்டுக்கும் பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கும் நடுவில் இருப்பது துருப்பிடித்த தகரமும், கிழிந்த ரப்பர் கிரோமெட்டும்தான்! புகைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. சோதனைக் குழாயைச் சொருகுவது வால் பைப்பில், ஓட்டை இருப்பது முன்னால்.

அடுத்த கூத்து ரிப்பேர். ஒருவர் எபாக்சி பிசினை அப்புகிறார். சாதாரணப் பிசின் 200 டிகிரியே தாங்காது, மேனிஃபோல்டோ 400 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இன்னொருவர் ஜாயின்ட்டையே வெல்டிங் வைத்துவிடுகிறார். அடுத்த முறை கழற்ற வேண்டுமென்றால் அறுக்க வேண்டியதுதான்.

ஒழுங்கான வேலை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. எஞ்சின் ஆறியபின் ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவி ஸ்டார்ட் செய்து, வால் பைப்பைக் கனமான துணியால் லேசாக அடைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். நட்டுகளில் முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டட் முறியும். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும். ஃபிளாஞ்ச் வளைந்திருந்தால் லேத்தில் சமப்படுத்தி, புது கேஸ்கெட் வைத்து, பித்தளை நட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக முறுக்க வேண்டும். கடைசியாக எஞ்சின் மவுன்ட் ரப்பரையும் பார்க்க வேண்டும். அது செத்துப்போயிருந்தால் எஞ்சின் ஆடி ஆடி புது கேஸ்கெட்டையும் தின்றுவிடும்.

"பார்ட்ஸ் கிடைக்கலை" என்பது சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளை வைத்துக்கொண்டு சொல்கிற சாக்கா? அளவு கொடுத்தால் கேஸ்கெட் வெட்டித் தர ஆளில்லாத ஊரா இது?

"இது விண்டேஜ் சார்" என்று தப்பிக்கவும் முடியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டினால்தான் விண்டேஜ். ரோட்டில் ஓடும் பெரும்பாலான அம்பாசடர்கள் வெறும் பழைய கார்கள்தான்.

பழைய வண்டிகளை எல்லாம் நசுக்கித் தகரமாக்கு என்று ஒரு கூட்டம் கத்துகிறது. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே, அவர்கள் பக்கம் புகையைக் கக்கிச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வண்டி மேல் உண்மையிலேயே பாசம் இருந்தால் பாலிஷ் துணியைக் கீழே வைத்துவிட்டு ஸ்பானரை எடுங்கள்.